வட்டார வள மையத்து ஸ்பெஷல் டீச்சர்: ஒரு மளிகைக்கடைக்காரரின் மதிப்பீடு

பிரியாணிக் கடைக்கு ரிவ்யூ இருக்கிறது, பல் டாக்டருக்கு இருக்கிறது, எங்கள் பஸ் ஸ்டாண்டு இஸ்திரிக் கடைக்குக்கூட யாரோ நாலரை நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றியத்துக்கு ஒன்றாக அரசு நடத்தும் வட்டார வள மையத்துக்கு மட்டும் யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ நாலு வரி எழுதி நான் பார்த்ததில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தேடுகிறவர்கள் கண்ணில் படுவதெல்லாம் பெரிய ஊர்களில் இருக்கும் தெரபி சென்டர் விளம்பரங்கள்தான். சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகனுக்குப் பத்து வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது. எங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கு நடக்கும் பயிற்சியைப் பற்றித்தான் இது. அதைவிட, அங்கே வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரைப் பற்றி. ஊரில் எல்லாருக்கும் அவர் ‘ஸ்பெஷல் டீச்சர்’. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒப்பந்த வேலை, எதற்கு வம்பு என்று நினைக்கிறார் போல. ஒன்றியத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். கீழே குறைகளும் சொல்லப்போகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். முன்பு எஸ்.எஸ்.ஏ., அதாவது அனைவருக்கும் கல்வி இயக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது 2018இல் வேறு திட்டங்களோடு சேர்ந்து சமக்ர சிக்ஷா ஆனது. நம் மாநிலத்தில் அதற்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று பெயர். அதன் கீழ் ஒன்றியத்துக்கு ஒரு வள மையம். எல்லாரும் பி.ஆர்.சி. என்பார்கள். அதற்குள் உள்ளடக்கிய கல்வி என்று ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், பிசியோ வந்துபோவார், மருத்துவ முகாம் நடக்கும், சில இடங்களில் பகல் நேரப் பயிற்சி மையமும் இருக்கும். கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது.

இலவசம் என்றதும் எனக்கும் முதலில் பெரிய நம்பிக்கையில்லை. அதற்கு முன் நகரத்தில் ஒரு தனியார் மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரத்துக்கு எண்ணூறு ரூபாய், பஸ் செலவு தனி. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் கார்ட்டூன். பெற்றோர் உள்ளே போகக் கூடாது. வெளியே சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் பேசிவிடுவான் என்றார்கள். உள்ளே என்ன செய்தீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ‘நல்லா கோஆபரேட் பண்றான் சார்’ என்பதோடு சரி. கடையில் ஒரு மூட்டை துவரம்பருப்பு இறங்கினாலே தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் காசு எண்ணுவேன். அங்கே எதை ஏற்றிப் பார்ப்பது? ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான், ‘பி.ஆர்.சி.க்கு ஒருதரம் கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன், அந்த டீச்சர் கெட்டிக்காரங்க’ என்றார்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இடம் சுமார்தான். பள்ளி வளாகத்துக்குள் பழைய கட்டடம். பயிற்சிக்கு ஒரே ஒரு நீள அறை. ஒரு பக்கம் பிசியோவுக்கான பெரிய பந்து, பிடித்து நடக்கும் இரட்டைக் கம்பி, பாய். மறுபக்கம் நாலு குட்டி நாற்காலி, ஒரு மேஜை, பூட்டுப் போட்ட பீரோ. மின்விசிறி இரண்டில் ஒன்று மெதுவாகத்தான் சுற்றும். சாய்தளம் இருக்கிறது, ஆனால் கழிப்பறைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிப் பிள்ளையின் அம்மா ஒவ்வொரு முறையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறார். சாய்தளம் கட்டியவருக்கும் கழிப்பறை கட்டியவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

டீச்சருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். தொங்கட்டான் கிடையாது, கழுத்தில் சங்கிலி வெளியே தெரியாது, முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருப்பார், துப்பட்டாவைக் குறுக்கே கட்டி ஊக்குக் குத்தியிருப்பார். பிள்ளைகள் இழுக்க எதுவும் தொங்கக் கூடாது என்பதற்காக. என் மனைவி அன்று கழுத்தில் போட்டிருந்த சங்கிலியைப் பார்த்தே, ‘அம்மா, இங்க வரும்போது அத உள்ள விட்டுக்கங்க’ என்றார். கை முழுக்கப் பழைய பல் தடம், நகத் தடம். கேட்டால், ‘அது அதுங்க பேசுற பாஷை அப்பா’ என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பெற்றோரை அவர் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுவார், தன்னைவிடச் சின்னவர்களாக இருந்தாலும்.

முதல் நாள் பையனை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவனைப் பாயில் விட்டுவிட்டு, ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, எங்களோடு பேசிக்கொண்டே அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என்ன எடுக்கிறான், எதைத் தட்டுகிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்று குறிப்பு. எங்களிடம் கேட்ட கேள்விகளில் படிப்பைப் பற்றி ஒன்றுமில்லை. தட்டில் சாப்பிடுகிறானா, ஊட்ட வேண்டுமா? ஒன்றுக்கு வந்தால் எப்படித் தெரியப்படுத்துவான்? சட்டையைக் கழற்றத் தெரியுமா? கழற்றத் தெரிந்தவனுக்கு மாட்டத் தெரியுமா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம்?

அப்புறம் ஒரு தடித்த படிவத்தை எடுத்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு அது பிடித்துப்போனது. மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்று பெயர். எம்.டி.பி.எஸ். என்பார்கள். சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற அமைப்பில் ஜெயச்சந்திரனும் விமலாவும் சேர்ந்து உருவாக்கியது. உடல் அசைவு, சாப்பாடு, உடை, கழிப்பறை, பேச்சு, எண், பணம், நேரம், வீட்டு வேலை என்று 18 பகுதிகள், பகுதிக்கு 20 வரி, மொத்தம் 360. ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்த்து ‘செய்கிறான்’, ‘செய்யவில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு காரியம். ‘நன்றாக இருக்கிறான்’, ‘முன்னேற்றம் தெரிகிறது’ மாதிரி வழவழா கொழகொழா எதுவும் அதில் இல்லை. நான் வருஷா வருஷம் கடையில் எடுக்கும் ஸ்டாக்கைவிடத் துப்புரவாக இருந்தது. தனியார் மையத்தில் நான் கேட்டுக் கிடைக்காத பதில் இங்கே கேட்காமலே கோடு கோடாக மேஜையில் கிடந்தது.

படிவம் முடிந்ததும் என் மனைவி கேட்டாள்: ‘பேசிடுவானா டீச்சர்?’

‘அத என்னால சொல்ல முடியாதும்மா. கேட்டு வாங்கக் கத்துக்குவான். அத நான் சொல்லித் தர்றேன்.’

இதுதான் அவரிடம் எனக்குப் பட்ட முதல் வித்தியாசம். அந்தப் பருவத்துக்கு மூன்றே மூன்று இலக்குதான் எழுதினார். வேண்டியதைக் கேட்டு வாங்குவது, டவுசரைத் தானே போட்டுக்கொள்வது, ஒன்றுக்கு வந்தால் காட்டுவது. எங்களுக்குச் சப்பென்றிருந்தது. அ, ஆ இல்லையா என்று கேட்டேன். ‘அது எங்கயும் ஓடிப்போயிடாது அப்பா. பதினஞ்சு வயசுல இவனுக்கு யாரு டவுசர் மாட்டி விடுவா?’ என்று திருப்பிக் கேட்டார்.

கேட்டு வாங்குவதை எப்படிச் சொல்லித் தந்தார் என்பதை விவரமாகவே எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

‘கடையில காலி பிஸ்கட் கவர் கிடைக்குமா?’ என்று கேட்டார். எங்கள் கடையில் அதற்கா பஞ்சம். மில்க் பிக்கிஸ்தான் பையனுக்கு உயிர். அந்தக் கவரின் முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டி, அட்டையில் ஒட்டி, மேலே செல்லோடேப் சுற்றினார். அச்சடித்த படம்கூட வேண்டாம், அவன் தினமும் பார்க்கும் கவரே போதும் என்றார். மேஜைக்கு இந்தப் பக்கம் அவன். எதிரே டீச்சர், கையில் அரை பிஸ்கட். அவனுக்குப் பின்னால் இன்னொருவர். நடுவில் அந்த அட்டை. பிஸ்கட்டைப் பார்த்ததும் பையன் பாய்ந்து கையை நீட்டுவான். பின்னால் இருப்பவர் வாயைத் திறக்காமல் அந்தக் கையைப் பிடித்து, அட்டையை எடுக்க வைத்து, டீச்சரின் உள்ளங்கையில் வைக்கச் செய்ய வேண்டும். அட்டை கையில் விழுந்த நொடியில் டீச்சர் ‘பிஸ்கட்!’ என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிடுவார். நொடிகூடத் தாமதிக்க மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இருப்பவரின் பிடி தளரும். முழங்கை, அப்புறம் தோள், அப்புறம் வெறும் விரல் நுனி.

இதில் கவனிக்க வேண்டியது, ‘என்ன வேணும்? என்ன வேணும் சொல்லு?’ என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், கேள்வி வரும்வரை காத்திருக்கப் பழகிவிடுவான், தானாக வந்து கேட்க மாட்டான் என்பது அவர் கணக்கு. இந்த முறையை 1985இல் அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் தொடங்கினார்களாம். பெக்ஸ் என்று பெயர். அவர்கள் அச்சடித்த படமும் ஃபைலும் வைத்துச் செய்வதை இவர் பிஸ்கட் கவரிலும் செல்லோடேப்பிலும் செய்தார்.

மையத்தில் இது நன்றாகவே போனது. வீட்டில்தான் கோளாறு. என் அம்மா, பையனுக்கு அப்பாயி, இதை ஒத்துக்கொள்ளவேயில்லை. அவன் டப்பாவைப் பார்த்தாலே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். ‘கேட்டு வாங்கித் திங்கிறதுக்கு அவன் என்ன வேத்து வீட்டுப் புள்ளையா?’ என்று சண்டை. நானும் மனைவியும் சொல்லிப் பார்த்தோம். நடக்கவில்லை.

டீச்சரிடம் சொன்னபோது, ‘அவங்களையே கூட்டிட்டு வாங்க’ என்றார். அம்மா விறைப்பாகத்தான் வந்தார். டீச்சர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ‘அம்மா, எனக்கு இன்னிக்கு ஆள் இல்ல, பின்னால உக்காந்து கையப் புடிக்க ஒத்தாச பண்றீங்களா?’ என்று கேட்டு, பையனுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். பேசக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. எங்கள் அம்மாவைப் பேசாமல் உட்கார வைத்த மனுஷி அவர் ஒருவர்தான். அன்று மூன்று அரை பிஸ்கட் போனபின், நாலாவதற்குப் பிடியை விட்டது அப்பாயிதான். பையன் தானாக அட்டையை எடுத்து டீச்சர் கையில் வைத்தான். அம்மா டீச்சரைப் பார்த்தார், டீச்சர் அம்மாவைப் பார்க்கவில்லை, ‘பிஸ்கட்!’ என்று கொடுத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

வீட்டில் இப்போது சட்டதிட்டமெல்லாம் அப்பாயி கையில். நான் அவசரத்தில் அட்டை இல்லாமல் கொடுத்துவிட்டால் எனக்குத்தான் திட்டு. பிஸ்கட், தண்ணீர், ஊஞ்சல், போன், கடைக்குப் போக வேண்டும் என்று அட்டைகள் கூடிவிட்டன. சமையலறைக் கதவில் வரிசையாக ஒட்டியிருக்கிறோம். ‘வேண்டாம்’ என்பதற்கும் ஓர் அட்டை உண்டு. அதைத்தான் நிறைய உபயோகிக்கிறான், கத்தரிக்காய் செய்கிற அன்றைக்கு முக்கியமாக.

டவுசர் கதையும் இப்படித்தான், ஆனால் தலைகீழாக. நாமெல்லாம் முதலில் காலை விடு என்றுதான் ஆரம்பிப்போம். டீச்சர் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். டவுசரை இடுப்புக்கு நாலு விரல் கீழே வரை அவரே ஏற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் அவனை இழுக்க விட்டார். இழுத்ததும் முடிந்தது, கைதட்டல், விளையாடப் போகலாம். அது பழகிய பிறகு தொடையிலிருந்து. அப்புறம் முழங்காலிலிருந்து. இப்படியே பாதம் வரை இறங்கினார். எந்தக் கட்டத்திலும் வேலையை முடிக்கிறவன் பையன்தான். பாதியில் தோற்று நிற்கிறவன் அல்ல. கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், காலையில் பள்ளி நேரத்தில், கடைக்கு ஆள் வந்து நிற்கும்போது. வீட்டில் அந்தப் பொறுமை என் மனைவிக்குத்தான் வாய்த்தது.

கடையிலிருந்து அவர் கேட்டு வாங்கிய சாமான்களைப் பட்டியல் போட்டால் சிரிப்பீர்கள். முப்பது குழி முட்டை அட்டை, காலி எண்ணெய்க் கேன் மூடிகள், சணல், பழைய நோட்டுப் புத்தகம், சோப்பு அட்டைப் பெட்டி. குழிக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்வார். ஒன்றுக்கு ஒன்று என்கிற எண்ணம் அப்படித்தான் வந்தது, ‘ஒன்று, இரண்டு’ என்று வாயால் சொல்ல முடியாதவனுக்கு. ஒரு வரிசைக் குழியை மட்டும் விட்டு மற்றதை அட்டையால் மூடிவிட்டால் ஐந்து ஆயிற்று. கடையில் இப்போது ரஸ்க் பாக்கெட்டை வரிசைக்கு ஐந்தாக அவன் அடுக்குகிறான். நடுவில் ஒரு வாடிக்கையாளர் ஒன்றை உருவினால் பொறுக்காது, உடனே நிரப்பியாக வேண்டும். வியாபாரத்துக்கு அது நல்லதுதான்.

மூன்று இலக்கில் பாக்கி நிற்பது, ஒன்றுக்குக் காட்டுவது. அது இன்னும் முழுதாக வரவில்லை. நேரம் பார்த்துக் கூட்டிப் போனால் சரியாக இருக்கிறது, தானாகக் காட்டுவது எப்போதாவதுதான். டீச்சர் அந்த வரியில் ‘செய்கிறான்’ என்று குறிக்கவேயில்லை. பரிதாபப்பட்டு ஒரு கோடு போட்டிருக்கலாம், போடவில்லை. அதனால்தான் மற்ற கோடுகளை நான் நம்புகிறேன்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் மையம், மற்ற நாள் எங்கள் ஊர்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு. இதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் கேட்டபோது, ‘எங்ககிட்ட அதுக்கான வசதி இல்ல, ஸ்பெஷல் ஸ்கூல் பாத்துக்கங்க’ என்று வாசலோடு அனுப்பினார்கள். டீச்சர் சொல்லித்தான் சட்டம் தெரிந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவை அடைக்க முடியாது. 1995இன் பழைய ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழே வகைதான், ஆட்டிசம் அதில் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகை, ஆட்டிசம் உண்டு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, நாம் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி.

சட்டத்தைக் காட்டிப் பள்ளியில் மிரட்டுகிற ஆள் இல்லை இவர். எங்கள் பள்ளிக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பையன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மோட்டார் பம்பு சத்தத்துக்குக் கத்துகிறான் என்று கண்டுபிடித்து, உள்பக்கம் மாற்றச் சொன்னார். கத்தல் பாதியாகக் குறைந்தது. அன்றாட அட்டவணையைப் படமாக வரைந்து அவன் மேஜையில் ஒட்டினார்: பிரேயர், கணக்கு, மணி, சாப்பாடு, வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு படத்தை அவனே பிய்த்து டப்பாவில் போடுவான். இப்போது வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி அட்டவணை வேண்டுமாம். வகுப்பு ஆசிரியரிடம் பாடம் எடுக்கிற தொனியில் பேசாமல், ‘சார், இத ஒரு வாரம் பாருங்களேன்’ என்று மட்டும் கேட்பார். அந்தப் பணிவில்தான் பாதி வேலை நடக்கிறது என்று நினைக்கிறேன்.

மையத்துக்கே வர முடியாத பிள்ளைகளும் ஒன்றியத்தில் இருக்கிறார்கள். கடுமையான குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்தது. அவர்களின் வீட்டுக்கும் இவர்தான் போகிறார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் படுக்கையிலேயே இருக்கும் ஒரு பெண் பிள்ளை. மாதம் இரண்டு முறையாவது அந்த ஸ்கூட்டி வாசலில் நிற்கும். போய் என்ன சொல்லித் தருகிறார் என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அந்தப் பெண்ணை எந்தக் கோணத்தில் சாய்த்து உட்கார வைத்தால் புரையேறாமல் சோறு இறங்கும் என்று பிசியோவிடம் கேட்டு வந்து அதன் அம்மாவுக்குச் செய்து காட்டினார். அந்த வீட்டில் அதுதான் அந்த வருஷத்துப் பாடம்.

இனி குறைகள்.

பேச்சுப் பயிற்சியாளர் எங்கள் மையத்துக்கு இல்லை. முகாமில் ஒருமுறை பார்த்தார்கள், அவ்வளவுதான். பிசியோ வாரத்துக்கு ஒரு நாள். அன்று விடுமுறை வந்தால் அடுத்த வாரம். ஸ்பெஷல் டீச்சர் தலையில் ஒன்றல்ல, பல பள்ளிகள். மையத்தில் இருக்க வேண்டிய நாளில் கூட்டம், பயிற்சி, புள்ளிவிவரம் என்று கூப்பிட்டுவிடுவார்கள். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் பதிவு ஏற்றும் வேலை வேறு. ஒரு பிள்ளை தலையை மேஜையில் முட்டிக்கொண்டிருக்கும்போது போனில் ஓ.டி.பி. வரக் காத்திருந்த டீச்சரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் போன், மறுகையை மேஜைக்கும் தலைக்கும் நடுவில் வைத்திருந்தார்.

சம்பளத்தைப் பற்றி நான் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். மாநிலம் முழுக்க இந்தத் திட்டத்துச் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள்; பணி நிரந்தரம் கேட்டு எத்தனையோ முறை போராடியும் இருக்கிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் நிரந்தர ஆசிரியருக்குக் கிடைப்பதில் ஒரு பகுதிதான் இவர்களுக்கு. அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் எங்கள் பையன் கதி என்ன என்ற சுயநலமும் இதில் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஒரு புது ஆள் முகம் பழகவே அவனுக்கு ஒரு பருவம் ஆகும்.

கோடை விடுமுறையில் மையம் மூடுவது இன்னொன்று. பிள்ளைக்குப் பழக்கம் விட்டுப்போகிறது. டீச்சர் விடுமுறைக்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்துவிடுவார், மே மாதம் இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்பார். அது அவராகச் செய்வது. யாரும் அவருக்கு அதற்காகச் சம்பளம் தருவதில்லை.

காகித வேலைகளில் இவர் உதவியது தனிக் கணக்கு. அரசு மருத்துவமனைச் சான்றிதழ், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் என்னென்ன நகல் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு தயாராக வைத்திருப்பார். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறதே, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது, அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. புதுப்பிக்க மறந்தால் போச்சு. அதையும் அவர்தான் ஞாபகப்படுத்துகிறார்.

யாருக்கு இந்த இடம் ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. டீச்சர் உங்களையும் பாயில் உட்கார வைப்பார். வீட்டில் செய்தீர்களா என்று அடுத்த முறை கேட்பார். செய்யாமல் செய்தோம் என்று சொன்னால் பிள்ளையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். திட்ட மாட்டார். ‘சரி, இந்த வாரம் பாப்போம்’ என்பார், அது திட்டுவதைவிட மோசம். இத்தனை மாதத்தில் பேசும் என்று உறுதி கேட்பவர்களுக்கும் அங்கே ஒன்றும் கிடைக்காது.

வேறு ஊர்க்காரர்கள் இந்த டீச்சரிடம் வர முடியாது, அது தெரியும். உங்கள் ஒன்றியத்தில் இருப்பவர் எப்படி, அல்லது காசு கொடுத்துப் போகும் மையம் எப்படி என்று பார்க்க நான் கேட்பது இவை. சிறப்புக் கல்வி படித்தவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும், சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். உள்ளே உட்கார விடுகிறார்களா என்று பாருங்கள். இந்தப் பருவத்துக்கு என்ன இலக்கு என்று எழுத்தில் கேளுங்கள். அந்த இலக்கு கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதா என்று பாருங்கள். பிள்ளை அழும்போது அவர் முகத்தைப் பாருங்கள், பிள்ளை முகத்தை அல்ல.

நட்சத்திரம் போட வேண்டுமென்றால், டீச்சருக்கு ஐந்து. மையத்துக்கு இரண்டரை, கழிப்பறைப் படியைச் சரி பண்ணினால் மூன்று.

போக நினைப்பவர்களுக்கு: சேர்க்கைக்கு ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த மாதமும் போகலாம். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டாலே உங்கள் வள மையம் எங்கே, சிறப்புப் பயிற்றுநர் எந்த நாளில் இருப்பார் என்று சொல்லிவிடுவார். ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் இருந்தால் அது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு. சான்றிதழ் இல்லையென்றால் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், முகாமில் வாங்கிக்கொள்ளலாம். காலை பத்தரைக்கு முன் போய்விடுங்கள். அதற்கப்புறம் டீச்சர் பள்ளிகளுக்குக் கிளம்பிவிட வாய்ப்பிருக்கிறது.